பொறுத்தவன் கோழையா?

'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று சொல்லிச் சொல்லியே நம் பாட்டிமார்கள் நம்மை வளர்த்தார்கள். அதே பாட்டிதான், பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் நம்மைத் தினமும் சீண்டிக்கொண்டிருந்தால், 'அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்' என்றும் சொன்னாள். இரண்டும் பழமொழிதான். இரண்டும் அனுபவத்தில் விளைந்தவைதான். எதை எந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்பதில்தான் பாட்டியின் சாமர்த்தியம் இருந்தது.

தெருச் சண்டைக்கு இந்தச் சாமர்த்தியம் போதும். கணக்குத் தப்பினாலும் ஒரு காயம், ஒரு மனஸ்தாபம், நாலு நாள் முகம் கொடுத்துப் பேசாமை என்ற அளவோடு போய்விடும். சண்டைக்கு நிற்பவை இரண்டு தேசங்களாக இருந்து, இரண்டின் கையிலும் அணுகுண்டு இருந்தால் எந்தப் பழமொழியை எடுத்துக்கொள்வது? பகைவன் அக்கிரமம் செய்கிறான் என்பதில் சந்தேகமில்லை. பொறுத்தால் நாளை இன்னும் துணிவான். அடித்தால் அவன் திருப்பி அடிப்பது ஓர் ஊரையே சாம்பலாக்கிவிடும். அடிப்பதா, பொறுப்பதா?

இதைப் பொதுப்படையாகப் பேசத் தொடங்கினால் நாம் எல்லோருமே ஞானிகளாகிவிடுவோம். நாற்காலியில் சாய்ந்துகொண்டு யுத்தம் வேண்டும் என்பதும் எளிது. சாந்தி வேண்டும் என்பதும் எளிது. ஆகையால் உண்மையில் நடந்த ஒரு விவகாரத்தை எடுத்துக்கொள்கிறேன். 1962-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், கியூபாவை முன்னிட்டு அமெரிக்காவும் சோவியத் ருஷ்யாவும் பதின்மூன்று நாட்கள் எதிரெதிராக நின்ற விவகாரம் அது. அதைத் தேர்ந்துகொள்ள ஒரு காரணம் உண்டு. ஜனாதிபதி கென்னடி தம் ஆலோசனைக் கூட்டங்களில் பலவற்றை, உடனிருந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாமலே ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார். யார் என்ன சொன்னார், யார் எப்போது மனம் மாறினார் என்பதெல்லாம் இன்று நமக்குத் தெரியும். பல ஆண்டுகள் கழித்து மாஸ்கோவின் செய்திகளும் ஹவானாவின் செய்திகளும் வெளிவந்தன. ஒரு நாவலின் எல்லாப் பாத்திரங்களின் மனத்தையும் ஒருசேரப் பார்ப்பதுபோல இந்த விவகாரத்தைப் பார்க்க முடிகிறது. சரித்திரத்தில் இப்படி வாய்ப்பது அபூர்வம்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கியூபா, அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கரையிலிருந்து சுமார் 90 மைல் தூரத்தில் இருக்கும் தீவு. அங்கே ஃபிடல் காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்ததை அமெரிக்கா பொறுக்கவில்லை. 1961 ஏப்ரலில், நாடு விட்டு வந்த கியூபர்களைக் கொண்டு ஒரு படையெடுப்பு நடத்திப் பார்த்துத் தோற்றது. மறு வருஷம் ருஷ்யத் தலைவர் குருஷ்சேவ் அணுகுண்டு தாங்கும் ஏவுகணைகளை ரகசியமாகக் கியூபாவுக்குக் கப்பலேற்றினார். அவை வாஷிங்டன் வரைக்கும் பாயக்கூடியவை. அப்படி எதுவும் இல்லை என்று ருஷ்யா சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோதே, அக்டோபர் 14-ந் தேதி மிக உயரத்தில் பறந்த ஓர் அமெரிக்க உளவு விமானம் அவற்றைப் படம் பிடித்தது. 16-ந் தேதி காலையில் அந்தச் செய்தி கென்னடியிடம் போய்ச் சேர்ந்தது.

அன்றைய கூட்டத்தில் கென்னடியே விமானத் தாக்குதல் பக்கம்தான் சாய்ந்தார் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அந்த ஏவுகணைகளை அழிப்பது நிச்சயம். எவ்வளவு பெரிதாக அடிப்பது என்பதுதான் கேள்வி என்ற தோரணையில் அவர் பேசினார். பொறுமையின் உருவமாக அவரைச் சித்திரிக்கிறவர்கள் இந்த முதல் நாளை மறந்துவிடுகிறார்கள். பொறுமை அவருக்குப் பிறவிக் குணமாக வரவில்லை. நாளுக்கு நாள், கேள்விக்குக் கேள்வி, வாதத்துக்கு வாதம், அவர் அங்கே வந்து சேர்ந்தார்.

அடிக்க வேண்டும் என்று சொன்னவர்கள் முரடர்கள் அல்லர். அவர்கள் கட்சியை அவர்கள் சொன்ன பலத்தோடே சொல்லிப் பார்ப்பதுதான் நியாயம். முன்னாள் வெளிநாட்டு மந்திரி டீன் அச்செசன் உலகம் கண்ட ராஜதந்திரி. அவருடைய வாதம் இது: பகைவன் பொய் சொல்லிவிட்டு நம் வாசலில் கத்தியைத் தீட்டுகிறான், அந்தக் கத்தி இன்னும் பிடியில் சரியாக உட்காரவில்லை, இன்று அடித்தால் அதைத் தட்டிவிடலாம், நாளைக்கு முடியாது. விமானப் படைத் தளபதி கர்டிஸ் லெமே இன்னும் ஒரு படி மேலே போனார். முற்றுகையோடு நிறுத்திக்கொள்வது, 1938-ல் மியூனிக்கில் ஹிட்லருக்குப் பணிந்துபோனதற்குச் சமானம் என்று ஜனாதிபதியின் முகத்துக்கு நேரேயே சொன்னார். 1938-ல் லண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்து அந்தப் பணிவை ஆதரித்தவர் கென்னடியின் தகப்பனார்தான். சொல் எங்கே போய்த் தைக்கும் என்பது அந்த அறையில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

மியூனிக் என்ற பெயரை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. செக்கோஸ்லோவாகியாவின் நிலத்தை ஹிட்லருக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, சமாதானத்தை வாங்கி வந்தோம் என்று இங்கிலாந்து கொண்டாடியது. ஓர் ஆண்டு முடிவதற்குள் யுத்தம் வந்தது. பொறுத்துப் போவதால் பசி அடங்காத பகைவன் உலகில் உண்டு என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பொறுமையைப் பற்றிப் பேசுகிறவன் இந்தச் சாட்சியை விசாரிக்காமல் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

எதிர்க் கட்சியில் முதலில் எழுந்தது தர்ம நியாயம். முன்னறிவிப்பில்லாமல் ஒரு சிறு தீவின்மேல் குண்டு போடுவது, 1941-ல் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தில் செய்த காரியத்துக்கு என்ன வித்தியாசம் என்று ஜார்ஜ் பால் என்ற அதிகாரி கேட்டார். ஜனாதிபதியின் தம்பி ராபர்ட் கென்னடி, அன்று ஜப்பானியப் பிரதமர் டோஜோவின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தமக்குப் புரிகிறது என்ற பொருளில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நகர்த்தினார். அச்செசன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்கா செப்டம்பரிலேயே பகிரங்கமாக எச்சரித்திருக்கிறது. எச்சரித்துவிட்டு அடிப்பது திருட்டுத்தனம் ஆகாது என்றார். அவருடைய பதிலும் நியாயமான பதில்தான். தர்ம நியாயம் மட்டுமே பேசியிருந்தால் விவாதம் அங்கேயே வழக்காடு மன்றம்போல் இழுத்துக்கொண்டிருக்கும்.

விவாதத்தின் போக்கைத் திருப்பியது, என் அபிப்பிராயத்தில், ஒரு சாதாரணக் கேள்வி. அக்டோபர் 21-ந் தேதி, தாக்குதலை நடத்த வேண்டிய விமானப் படைத் தளபதி ஸ்வீனியைக் கூப்பிட்டு, 'எல்லா ஏவுகணைகளையும் அழித்துவிட முடியுமா?' என்று கேட்டார்கள். அவர் யோக்கியமான மனிதர். தெரிந்த ஏவுகணைகளில் நூற்றுக்குத் தொண்ணூறை அழிக்கலாம். அதற்கு மேல் உறுதி சொல்ல முடியாது என்றார். 'தெரிந்த ஏவுகணைகளில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். தெரியாதவை எத்தனை? அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது. பொறுமை என்றால் பகைவனிடம் வைக்கும் நம்பிக்கை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 'அவன் நல்லவன், விட்டுப் பிடிப்போம்' என்று சொல்வதாக எண்ணி, அவன் நல்லவன் அல்ல என்று நிரூபித்துவிட்டால் பொறுமையின் கட்சி தோற்றுவிட்டதாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். குருஷ்சேவ் பொய் சொன்னார். அதில் தகராறே இல்லை. கென்னடி பொறுத்தது குருஷ்சேவை நம்பியதால் அல்ல. தமக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று தம்மையே சந்தேகித்ததால் பொறுத்தார். பகைவனை நம்பாதவனும் பொறுக்கலாம். தன் கணக்கை முழுக்க நம்பாதவன் பொறுத்தே ஆக வேண்டும்.

அந்தச் சந்தேகம் எவ்வளவு சரியானது என்பது முப்பது வருஷம் கழித்துத்தான் வெளிவந்தது. 1992-ல் ஹவானாவில், அந்நாளைய அமெரிக்க, ருஷ்ய, கியூப அதிகாரிகள் ஒன்றுகூடிப் பழைய கணக்கைப் பார்த்தார்கள். கியூபாவில் ருஷ்யப் படை பத்தாயிரம் பேர் இருக்கலாம் என்று 1962-ல் அமெரிக்க உளவு இலாகா மதிப்பிட்டிருந்தது. உண்மையில் இருந்தவர்கள் நாற்பதாயிரத்துக்கு மேல். பெரிய ஏவுகணைகளைத் தவிர, கரையில் இறங்கும் படையை எரிப்பதற்கென்றே குறுகிய தூரம் பாயும் அணு ஆயுதங்களும் தீவில் இருந்தன. 1962-ல் ராணுவ மந்திரியாக இருந்த மக்னமாரா, வயோதிகராக அங்கே உட்கார்ந்து இதைக் கேட்டபோது அதிர்ந்துபோனார். விமானத் தாக்குதலுக்குப் பிறகு கியூபாவில் இறங்குவதற்கென்று லட்சத்துக்கு மேற்பட்ட துருப்புகளைத் திரட்டி வைத்திருந்தவர் அவர். அவர்கள் இறங்கியிருக்கக்கூடிய கரையில் அணுகுண்டு காத்திருந்தது. நன்றாகப் படித்த, நாட்டுப்பற்றுள்ள, கெட்டிக்காரத் தளபதிகள் உறுதியோடு சொன்ன ஆலோசனை அது. அவர்களுடைய உறுதியில் குறைவில்லை. அறிவில்தான் ஓட்டை இருந்தது. ராணுவத் தளபதிகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு, அவர்கள் பேச்சைக் கேட்டுவிட்டால் அது தப்பு என்று எடுத்துச் சொல்ல நம்மில் யாரும் உயிரோடு இருக்கமாட்டோம் என்று கென்னடி கசப்போடு சொன்னதாக அவருடைய உதவியாளர் ஒருவர் பின்னால் எழுதினார்.

இதையெல்லாம் ஓய்வுபெற்ற கணித ஆசிரியரான என் நண்பர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் எதையும் இரண்டு பக்கமும் சமன் செய்து பார்க்கிறவர்.

"ஐயா, தெரியாமை இரண்டு பக்கத்துக்கும் பொதுதானே? அடித்தால் என்ன ஆகும் என்று தெரியாது, சரி. அடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று மட்டும் தெரியுமா? உங்கள் முற்றுகையே உலகத்தை எரிக்கப் பார்க்கவில்லையா?" என்றார்.

அவர் கேட்டது அக்டோபர் 27-ந் தேதி சம்பவத்தை வைத்து. கென்னடி 22-ந் தேதி வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசி, 24-ந் தேதி முதல் கியூபாவுக்கு ஆயுதக் கப்பல்கள் போகாதபடி கடலில் தடுப்புப் போட்டார். அந்தத் தடுப்பை நடத்திய போர்க்கப்பல்கள் ஒரு ருஷ்ய நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடித்து, அது மேலே வரட்டும் என்று சிறு வெடிகளை நீருக்குள் போட்டன. நீர்மூழ்கியில் அணுகுண்டு தாங்கிய டார்பிடோ ஒன்று இருப்பது மேலே இருந்தவர்களுக்குத் தெரியாது. கீழே இருந்தவர்களுக்கோ காற்றில்லை; தாங்க முடியாத வெப்பம்; மாஸ்கோவோடு தொடர்பும் இல்லை. யுத்தம் தொடங்கிவிட்டது என்று எண்ணிய கப்பல் தலைவர், அந்த டார்பிடோவைத் தயார் செய்யச் சொல்லிக் கொதித்தார் என்றும், உடனிருந்த வாசிலி ஆர்க்கிபோவ் என்ற அதிகாரி அவரை அமைதிப்படுத்தினார் என்றும் அதில் இருந்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். கப்பல் மேலே வந்தது. பிறகு திரும்பிப் போயிற்று.

நண்பர் சொன்னது உண்மை. பொறுமைக்கும் ஆபத்து உண்டு. ஆபத்தில்லாத வழி அந்த அக்டோபரில் யாருக்கும் திறந்திருக்கவில்லை. பின்னாளில் அச்செசனும், கென்னடி வென்றது வெறும் அதிர்ஷ்டத்தால் என்றுதான் எழுதினார். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்தக் கப்பல் தலைவருக்கு மேலே வருவது என்ற ஒரு வழி மிச்சம் இருந்தது. தலையில் குண்டு விழுந்த பிறகு, கியூபாவில் ஓர் ஏவுகணைத் தளத்தின் தலைவனுக்கு என்ன வழி மிச்சமிருந்திருக்கும்? அதிர்ஷ்டம் வருவதானாலும் அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும், நுழைய ஒரு வாசல் வேண்டும். தடுப்பு அந்த இரண்டையும் விட்டுவைத்தது. தாக்குதல் இரண்டையும் அடைத்துவிடும்.

இந்த வித்தியாசத்தை நம் நாட்டில் பாரதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. யுத்தம் முடிந்த பிறகு, உறங்கினவர்களை வெட்டிவிட்டு ஓடிய அசுவத்தாமன், பீமன் துரத்தி வரக் கண்டு ஒரு புல்லைக் கிள்ளி அஸ்திரமாகத் தொடுக்கிறான். அதை எதிர்க்க அர்ஜுனனும் தொடுக்கிறான். இரண்டும் மோதினால் உலகம் அழியும் என்று வியாசரும் நாரதரும் நடுவே வந்து நிற்கிறார்கள். அர்ஜுனன் தன் அஸ்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறான். அசுவத்தாமனுக்குத் தொடுக்கத்தான் தெரியும். திரும்ப வாங்கத் தெரியாது. அது போய்ப் பிறவாத சிசுவின்மேல் பாய்கிறது. வீரத்தில் இருவருக்கும் பெரிய பேதமில்லை. செய்ததைத் திருத்திக்கொள்ள முடியுமா என்பதுதான் பேதம். கடலில் போட்ட தடுப்பை ஓர் உத்தரவில் எடுத்துவிடலாம். போட்ட குண்டை எந்த உத்தரவு எடுக்கும்? இரண்டு பக்கமும் தெரியாமை சமமாக இருக்கும்போது, திருத்திக்கொள்ளக்கூடிய தவற்றைச் செய்வது மேல். என் நண்பரின் கணிதத்துக்கு இதுதான் என் பதில்.

பொறுத்தார்கள் என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று அர்த்தமில்லை. படை திரண்டு நின்றது. கடலில் தடுப்பு நின்றது. அவற்றோடு இன்னொரு வேலையும் நடந்தது. அதைக் கதை எழுதுகிறவன் வேலை என்றே சொல்வேன். ஆலோசகர்களில் லெவலின் தாம்சன் என்பவர் மாஸ்கோவில் தூதராக இருந்தவர். குருஷ்சேவை நெருங்கிப் பழகி அறிந்தவர். கென்னடி சோர்ந்துபோய், அந்த மனிதர் ஏவுகணைகளைச் சும்மா எடுத்துக்கொண்டு போகமாட்டார் என்று பேசியபோது, போவார் என்று தாம்சன் மறுத்துச் சொன்னார். கியூபாவை நான் காப்பாற்றினேன், படையெடுப்பை நிறுத்தினேன் என்று குருஷ்சேவ் தம் மக்களிடம் சொல்லிக்கொள்ள வழி விட்டால் போதும் என்பது அவருடைய யோசனை. வில்லனுக்கும் வீட்டுக்குப் போனால் பதில் சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்று தாம்சன் நினைத்துப் பார்த்தார். நல்ல நாவலாசிரியன் தன் வில்லனுக்குச் செய்கிற மரியாதை இது. இதில் இரக்கம் ஒன்றும் இல்லை. கூர்மையான பார்வைதான் இருக்கிறது. 27-ந் தேதி இரவு ராபர்ட் கென்னடி ருஷ்யத் தூதர் டோப்ரினினைச் சந்தித்தார். கியூபாவின்மேல் படையெடுப்பதில்லை என்ற வாக்குறுதி பகிரங்கமாக. துருக்கியிலிருந்த அமெரிக்க ஏவுகணைகளைச் சில மாதங்களில் எடுத்துவிடுவது என்ற வாக்கு ரகசியமாக. மறுநாள் ஏவுகணைகளைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக மாஸ்கோ வானொலி அறிவித்தது.

மியூனிக் சாட்சிக்கும் இங்கே பதில் கிடைக்கிறது. மியூனிக்கில் பகைவன் கேட்டதைக் கொடுத்துவிட்டுப் பொறுத்தார்கள். இங்கே அவன் கொண்டுவந்து வைத்ததை எடுக்கவைத்துவிட்டுப் பொறுத்தார்கள். முன்னது பணிவு. இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டுவதால்தான் குழப்பம். வள்ளுவர் இதில் தெளிவாக இருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. 'பொறையுடைமை'யை அவர் அறத்துப்பாலில், தனி மனிதனுக்கு வைத்தார். பொருட்பாலில் அரசனிடம் பேச வந்தபோது 'தெரிந்து செயல்வகை', 'வலியறிதல்', 'காலமறிதல்', 'இடனறிதல்' என்று அடுத்தடுத்து நான்கு அதிகாரங்களை வைத்தார். நான்குமே அறிவதைப் பற்றியவை. தனி மனிதன் அன்பினால் பொறுக்கலாம். அரசன் அறிவினால் பொறுக்க வேண்டும். ஏனென்றால் அவன் பந்தயம் வைப்பது தன் உயிரை அல்ல.

யாருடைய உயிரை? இந்தக் கேள்விக்கு வந்தால்தான் பொறுமையைப் புகழ்கிறவர்களின் வாயும் சற்றுத் தயங்கும். அக்டோபர் 27-ந் தேதி காலை, கியூபாவுக்கு மேல் பறந்த உளவு விமானம் ஒன்றை ருஷ்யர்கள் சுட்டு வீழ்த்தினார்கள். அதை ஓட்டிய மேஜர் ருடால்ஃப் ஆண்டர்சன் இறந்துபோனார். அப்படி ஒரு விமானம் வீழ்ந்தால் சுட்ட தளத்தை உடனே அழிப்பது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். கென்னடி அழிக்கவில்லை. சுடச் சொன்னவர்கள் தீவிலிருந்த அதிகாரிகள்; மாஸ்கோ உத்தரவிடவில்லை என்பது அன்று அவருக்குத் தெரியாது. தெரியாமலே பொறுத்தார். அது சரி என்று இன்று சொல்லுகிறோம். ஆண்டர்சனின் மனைவியிடம் போய் அதைச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

நமக்கும் இது அந்நியக் கதை அல்ல. இந்தியாவும் பாகிஸ்தானும் 1998 மே மாதத்தில் அணுகுண்டுச் சோதனை செய்தன. அடுத்த ஆண்டே, பாகிஸ்தான் படையினர் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டிக் கார்கில் சிகரங்களில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். வாஜ்பாய் அரசு அவர்களை விரட்ட ராணுவத்தையும் விமானப் படையையும் ஏவியது. ஆனால் கோட்டைத் தாண்டக் கூடாது என்று கண்டிப்பாக உத்தரவிட்டது. பகைவன் சிகரத்தில், நம் சிப்பாய் பள்ளத்தில். அவனுக்குச் சோறும் தோட்டாவும் வருகிற வழியைக் கோட்டுக்கு அப்பால் போய் அடைக்க அனுமதி இல்லை. நேருக்கு நேர், பாறையைப் பிடித்துக்கொண்டு, இரவில் ஏறித்தான் பிடிக்க வேண்டும். அப்படித்தான் பிடித்தார்கள். உலகத்தின் அபிப்பிராயம் இந்தியா பக்கம் திரும்பியது. ஜூலை 4-ந் தேதி பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீப், வாஷிங்டனில் ஜனாதிபதி கிளிண்டனைச் சந்தித்துப் படைகளைத் திரும்ப அழைக்க இசைந்தார். யுத்தம் ஒரு மலைத் தொடருக்குள்ளேயே அடங்கியது. நம் வீரர்கள் 527 பேர் திரும்பி வரவில்லை.

அவர்களில் ஒருவர் திருச்சியைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன். 1999 மே 29-ந் தேதி பட்டாலிக் பகுதியில், சிகரம் ஒன்றைப் பிடிக்க ஏறியபோது விழுந்தார். விழுந்த இடம் பகைவன் துப்பாக்கிக்கு நேராக இருந்தது. ஒரு மாதத்துக்கு மேல் அவருடைய உடலைக்கூட எடுத்து வர முடியவில்லை. ஊரில் காத்திருந்த தாய்க்கு அந்த நாட்கள் எப்படி நகர்ந்திருக்கும் என்று எழுத என்னிடம் சொல் இல்லை.

கோட்டைத் தாண்டக் கூடாது என்ற உத்தரவு சரியானது என்றே நான் கருதுகிறேன். தாண்டியிருந்தால் அந்த நெருப்பு எங்கே போய் நின்றிருக்கும் என்று டில்லியில் யாருக்கும் தெரியாது. இஸ்லாமாபாத்திலும் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தச் சரியான உத்தரவுக்கு விலை கொடுத்தவர்கள், அதைப் போட்டவர்களும் அல்லர். வீட்டில் செய்தித்தாள் விரித்து அதைப் பாராட்டிய நாமும் அல்லோம். தாக்குதலின் செலவைப் பகைவன் தேசத்துக் குழந்தைகளும் நம் குழந்தைகளும் சேர்ந்து கொடுக்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரிகிறது. பொறுமையின் செலவை யாரோ சிலர் ஓசையில்லாமல் கொடுத்துவிடுகிறார்கள். அதனால்தான் அதைச் செலவே இல்லாத தர்மம் என்று நினைத்து மேடையில் முழங்குகிறோம்.

கியூபாவிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. உடன்படிக்கை வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நடுவே முடிந்தது. தீவின் மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காஸ்ட்ரோவுக்கு ஒரே ஆத்திரம். ஆனால் அவர் அந்த நாட்களில் குருஷ்சேவுக்கு எழுதிய கடிதத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கா தீவில் படையிறக்கினால், ருஷ்யா முந்திக்கொண்டு அணு ஆயுதத்தைப் பிரயோகிக்க வேண்டும் என்ற கருத்தில் எழுதியிருந்தார். மானம் பெரிது, தீவு அழிந்தாலும் சரி என்ற மனம். அந்த ஆவேசத்தை நாம் அறியாதவர்கள் அல்லோம். கவரிமானைப் பாடிய மொழி நம் மொழி. ஒரு வீரன் தன் மானத்துக்காகத் தன் உயிரை விடலாம். ஒரு தலைவன் தன் மானத்துக்காக லட்சக்கணக்கான பேருடைய உயிரை விட யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

அந்த விவகாரம் வெடிப்பதற்குச் சில வாரங்கள் முன்புதான், 1962 செப்டம்பர் 28-ந் தேதி, எண்பத்துமூன்று வயது ராஜாஜி காந்தி சமாதான நிறுவனத்தின் தூதுக் குழுவோடு வாஷிங்டன் சென்று கென்னடியைச் சந்தித்தார். அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று கேட்பதற்காகப் போனார். ஒரு கிழவர் பேசி வல்லரசுகள் திருந்திவிடுமா என்று அன்று சிரித்தவர்கள் உண்டு. அவர் பேச்சால்தான் எல்லாம் நடந்தது என்று நானும் சொல்லமாட்டேன். அக்டோபரில் பள்ளத்தின் விளிம்பு வரை போய் எட்டிப் பார்த்த இரண்டு தலைவர்களும், 1963-ல் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நேரடிச் செய்தித் தொடர்பு ஒன்றை ஏற்படுத்திக்கொண்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 5-ந் தேதி, வானத்திலும் வான்வெளியிலும் நீருக்கடியிலும் அணுகுண்டுச் சோதனை நடத்துவதில்லை என்ற ஒப்பந்தம் மாஸ்கோவில் கையெழுத்தாயிற்று. அந்த அக்டோபரில் குண்டு போட்டிருந்தால் கையெழுத்துப் போட யார் மிஞ்சியிருப்பார்கள் என்பதே சந்தேகம்.

ஆகவே, பொறுத்தவன் கோழையா என்று யாராவது கேட்டால் நான் ஒரே பதில் சொல்வதில்லை. எதனால் பொறுத்தான் என்று திருப்பிக் கேட்கிறேன். பயந்து, பகைவன் கேட்டதைக் கொடுத்துவிட்டுப் பொறுத்தவன் கோழைதான். தன் பலத்தையும் வைத்துக்கொண்டு, தன் அறியாமையையும் ஒப்புக்கொண்டு, பகைவன் வெளியேற ஒரு வாசலையும் திறந்துவைத்துப் பொறுத்தவனுக்கு வேறு பெயர் கொடுக்க வேண்டும். அந்தப் பெயரோடு அவன் கடமை முடிந்துவிடுவதும் இல்லை. தன் பொறுமைக்காக விழுந்தவர்களின் வீட்டு வாசலில் போய் நின்று, 'உங்கள் மகனுக்காக நான் பழிவாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்று சொல்ல வந்திருக்கிறேன்' என்று கண்ணைப் பார்த்துச் சொல்லுகிற திராணியும் அவனுக்கு இருக்க வேண்டும். அவனைப் புகழ்கிற நமக்கும் அந்தத் திராணி வேண்டும்.

திருச்சியில் மேஜர் சரவணனுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. வீரத்துக்கு எழுப்பியது என்று சொல்லி அதற்கு மாலை போடுகிறோம். அந்த மாலை, அவர் ஏறிய மலைக்கு அப்பால் போகாமல் நின்றுவிட்ட ஒரு யுத்தத்தின் கணக்கிலும் சேர வேண்டியது.